ஜேம்ஸ்பாத்: ஜேசனைத் துழாவ அருமையான லைப்ரரி, ஆனால் தப்பு நடந்தால் வாயே திறக்காது

இணையச் சேவைகள் டேட்டாவை அனுப்பப் பயன்படுத்தும் எழுத்து வடிவமான ஜேசனைப் பைத்தானில் படிக்க எதையும் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டாம், 2.6 பதிப்பிலிருந்தே அதற்கான மாட்யூல் கூடவே வருகிறது. லோட்ஸ் என்று ஒரு வரி, டிக்‌ஷனரியும் லிஸ்ட்டுமாகக் கைக்கு வந்துவிடும். தலைவலி அதற்கப்புறம்தான். நாலைந்து அடுக்கு உள்ளே கிடக்கும் மதிப்புக்காகச் சதுர அடைப்புக்குறிகளை அடுக்கினால், நடுவில் ஒரு கீ இல்லாத நாளில் கீஎரர் வந்து ஸ்கிரிப்ட் படுத்துவிடும். சரி, டிக்‌ஷனரியின் கெட் மெத்தடைப் போட்டு "இல்லையென்றால் காலி டிக்‌ஷனரி கொடு" என்று எழுதலாமே என்றால், அதுவும் அரைப் பாதுகாப்புதான்: கீ இருந்து மதிப்பு மட்டும் 'நல்' (அதாவது ஒன்றுமில்லை) என்று வந்தால், நாம் சொன்ன டீஃபால்ட்டை கெட் தராது.

இந்தத் தொல்லைக்குத்தான் ஜேம்ஸ்பாத்: ஜேசனுக்குள் எந்த மதிப்பு வேண்டும் என்பதை ஒரு பாதையாக எழுதிக் கேட்கும் குவெரி மொழி, அதற்கான பைத்தான் லைப்ரரி. அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். கமாண்ட் லைனில் குவெரி ஆப்ஷன் பயன்படுத்தியவர்களுக்கு இது பழகிய இலக்கணம்தான். ஏ.டபிள்யூ.எஸ்.ஸுக்கான பைத்தான் லைப்ரரியான போட்டோ3 இருக்கும் மெஷினில் இது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

அமெரிக்க புவியியல் ஆய்வு மையம் இலவசமாகத் தரும் நிலநடுக்க ஜேசனை எடுத்துப் பாருங்கள். 'ஃபீச்சர்ஸ்' என்று ஒரு பட்டியல், அதில் ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் 'ப்ராப்பர்ட்டீஸ்', அதற்குள் அளவு, இடம், நேரம் எல்லாம். ரிக்டர் என்று நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்கிற அந்த அளவு 5-ஐத் தாண்டிய இடங்கள் மட்டும் வேண்டுமா, லூப், இஃப் எதுவும் வேண்டாம், ஒரே வரிதான். ஆனால் அந்த 5-ஐ பேக்டிக் (`) குறிக்குள் போட வேண்டும், வெறுமனே எழுதினால் பார்ஸ் எரர். எரர் என்று சொல்கிறதே, அதுவரை சந்தோஷம்.

ஏனென்றால் மற்ற பல இடங்களில் சொல்வதில்லை. கீயின் பெயரில் ஓர் எழுத்து தப்பினால் 'நன்' (நல்லின் பைத்தான் வடிவம்) அல்லது காலி லிஸ்ட், அவ்வளவுதான். ஒப்பிட வேண்டிய சொல்லை ஒற்றை மேற்கோளுக்குப் பதில் இரட்டை மேற்கோளில் போட்டால், அதை இன்னொரு கீயின் பெயராக எடுத்துக்கொண்டு காலி விடையைக் கையில் கொடுக்கும். உண்மையிலேயே டேட்டா இல்லையா, நாம் எழுதியதுதான் தப்பா என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. அதே நிலநடுக்க டேட்டாவில் 'ஃபெல்ட்' என்று ஒரு கீ, அதிர்வை உணர்ந்ததாக எத்தனை பேர் தெரிவித்தார்கள் என்ற எண்ணிக்கை. யாரும் தெரிவிக்காதவற்றுக்கு அது 'நல்'. நட்சத்திரக் குறி போட்டு ஃபெல்ட் மதிப்புகளை ஒரு லிஸ்ட்டாகவும், இடப் பெயர்களை இன்னொரு லிஸ்ட்டாகவும் எடுத்தால், முதல் லிஸ்ட்டிலிருந்து 'நல்' எல்லாம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். இரண்டையும் பைத்தானின் ஜிப் கொண்டு வரிசைப்படி ஜோடி சேர்த்தால் அலாஸ்காவின் எண்ணிக்கை கலிஃபோர்னியா பக்கத்தில் போய் உட்காரும், எந்த எச்சரிக்கையும் வராது. தீர்வு இருக்கிறது: இரண்டு கீயையும் ஒரே சதுர அடைப்புக்குள் சேர்த்துக் கேட்டால், ஜோடி ஜோடியாக, 'நல்' உட்பட அப்படியே வரும். இது ஸ்பெசிஃபிகேஷன்படி நடப்பதுதான், பக் இல்லை, ஆனால் இதையெல்லாம் டாகுமென்டேஷனின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா?

உள்ளே போனபின் மேல் அடுக்கில் உள்ள மதிப்பைத் எளிதில் திரும்பி எட்டிப் பார்க்கவும் முடியாது, அந்த மாதிரி வேலைக்குச் சாதாரண ஃபார் லூப்பே தேவலை.

அறிமுகமில்லாத ஒரு ஏ.பி.ஐ. (புரோகிராம்கள் டேட்டா கேட்டு வாங்கும் வாசல்) என்ன அனுப்புகிறது என்று தோண்டிப் பார்க்க, கையால் ஓட்டிப் பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட்டுக்கு, தாராளமாக வாங்குங்கள் என்பேன், காசு வேறு இல்லை. ராத்திரியில் தானாக ஓடி ரிப்போர்ட் அனுப்பும் வேலை என்றால் என் ஓட்டு இதே மாதிரி வேலைக்கான இன்னொரு பைத்தான் லைப்ரரியான குளோமுக்கு. பாதையில் எந்தக் கீயில் தடுக்கியது என்று பெயர் சொல்லி எரர் கொடுத்துவிட்டுத்தான் அது நிற்கும்.