நெபுலைசர் வாங்கும் முன் மருந்துக் கிண்ணத்தைப் பற்றி விசாரியுங்கள்

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகனுக்கும் என் மகளுக்கும் ஒரே நோய், நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். இந்நோயுள்ள குழந்தைகள் நுரையீரல் கிருமிகளை ஒருவருக்கொருவர் கடத்திவிடக்கூடும் என்பதால் பிள்ளைகளை நாங்கள் சந்திக்க வைப்பதில்லை, பேச்செல்லாம் தொலைபேசியில்தான். பையனின் சளிப் பரிசோதனையில் முதன்முறையாகச் சூடோமோனாஸ் கிருமி தெரிந்திருக்கிறது, அதைக் கொல்லும் டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை, மருந்தை மூச்சில் இழுக்கும் நுண்துளிகளாக்கும் நெபுலைசரில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, உள்ளங்கை அளவு மெஷ் நெபுலைசர் இப்போது விலை குறைந்திருக்கிறதாமே, அதை வாங்கட்டுமா, உங்களிடம் இருப்பதைப் போன்ற கம்ப்ரசரையே வாங்கட்டுமா?" என்று கேட்டார். மெஷ் என்பது நுண்துளைத் தகட்டின் வழியே மருந்தைத் தூவும் சிறிய கருவி; கம்ப்ரசர் என்பது மோட்டாரால் காற்றைத் தள்ளி மருந்தைத் துளிகளாக்கும் கருவி. அவரிடம் சொன்னதையும், பேச்சில் விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கம்ப்ரசரின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. சத்தம் அதிகம்தான், அது ஓடும்போது பக்கத்து அறையில் பேசுவது காதில் விழாது. ஆனால் பல ஆண்டுகளாகக் காலையும் மாலையும் ஓடியும் மோட்டார் ஒருமுறைகூட நின்றதில்லை. மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓடுகிறது, உசிலம்பட்டியில் மாமியார் வீட்டின் குறைந்த மின்னழுத்தத்திலும் ஓடுகிறது. காற்று ஃபில்டரை அவ்வப்போது மாற்றியதைத் தவிர அதற்கென்று நான் எதுவும் செய்ததில்லை.

என் கோபமெல்லாம் அதனுடன் வரும் மருந்துக் கிண்ணத்தைப் பற்றியது. கம்ப்ரசர் காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவே; மருந்து நுரையீரலின் அடிவரை போவதா, தொண்டையிலேயே தங்கிவிடுவதா என்பதைப் பெரும்பாலும் கிண்ணம்தான் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 5 மைக்ரானுக்கு உட்பட்ட துளிகளே சிறு மூச்சுக்குழாய்கள் வரை செல்லும். எங்கள் மெஷினுடன் வந்தது வால்வு வைத்த கிண்ணம். குழந்தை மூச்சை இழுக்கும்போது வால்வு திறந்து அதிக மருந்தைக் கொடுக்கும், வெளியே விடும்போது குறைத்துக்கொள்ளும். மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கிண்ணத்தில் இந்த ஏற்பாடு இல்லை. குழந்தை மூச்சை வெளியே விடும் நேரத்தில் வரும் மருந்தில் பெரும்பகுதி அறைக் காற்றில் கலந்து வீணாகிறது. டோப்ராமைசின் உள்ளிழுப்பு மருந்து 1997-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோதே, பாரி எல்.சி. பிளஸ் என்ற கிண்ணத்தில் வைக்க வேண்டும் என்று பெயர் குறிப்பிட்டுத்தான் பெற்றது. மருந்தோடு கிண்ணமும் சிகிச்சையில் அடக்கம் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இந்தக் கிண்ணம் தேயும் பொருள். சுமார் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மகளுக்குச் சளியை இளக்குவதற்கு அடர்த்தியான உப்புச் சலைன் வைக்கிறோம். அந்த உப்பு, கிண்ணத்தின் நடுவிலுள்ள ஊசிமுனைத் துளையைச் சுற்றி வெள்ளைப் பொருக்காகப் படிந்துவிடுகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை ஒருபக்கமாக அடைபட்டிருப்பது தெரியும். மாற்றுக் கிண்ணம் கேட்டால்தான் தொல்லை ஆரம்பம். மெஷினை விற்ற கடை "எல்லாக் கப்பும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிச் சாதாரணக் கிண்ணம் ஒன்றை அனுப்பி வைத்தது. கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய 5 மில்லி மருந்து அதில் அரை மணி நேரத்தைத் தாண்டியும் முடியவில்லை. மௌத்பீஸைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தை களைத்துப்போனாள். மதுரையில் நான் ஏறி இறங்காத மருந்துக்கடை மிகக் குறைவு. கடைசியில் ஒவ்வொரு முறையும் சென்னையிலிருந்தே வரவழைக்கிறோம், அதுவும் வருகிறபோது வருகிறது. உயிர் காக்கும் சிகிச்சையின் முக்கியமான பாகத்தை வைத்திருக்காமல் மோட்டாரை மட்டும் விற்பதை என்னால் நியாயம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சுத்தம் செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூடோமோனாஸ் ஈரத்தில் வாழும் கிருமி. கழுவாமல் விட்ட நெபுலைசர் கிண்ணமே அதற்கு நல்ல இருப்பிடம். ஒவ்வொரு முறையும் பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவுகிறேன். நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கொதிக்க வைத்து, சுத்தமான துணியில் பரப்பி, முழுவதும் காய்ந்த பிறகே பூட்டுகிறேன். எங்கள் பகுதியின் போர் தண்ணீரில் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு படிகிறது, ஆகவே அதற்குக் கேன் தண்ணீர்தான். டியூபைக் கழுவுவதில்லை, உள்ளே ஈரம் தெரிந்தால் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு மோட்டாரைச் சற்று நேரம் வெறுமனே ஓட விட்டால் காய்ந்துவிடுகிறது.

மெஷ் நெபுலைசருக்குச் சத்தமில்லை, பேட்டரியில் ஓடும், பயணத்துக்கு ஏற்றது; ஆஸ்துமா மருந்து மட்டும் வைக்கும் வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் கடையில் விற்கும் பொதுவான மெஷ்ஷின் நுண்துளைகளை உப்புச் சலைன் எளிதில் அடைத்துவிடும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கென்றே செய்யப்பட்ட மெஷ் கருவிகள் வேறு. அவை மருந்தைக் கொடுக்கும் வேகமும் அளவும் மாறுபடுவதால் மருத்துவரைக் கேட்காமல் மாற்றக்கூடாது. அந்தத் தங்கையின் நிலைமையில் இதில் தவறக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சூடோமோனாஸ் முதன்முறை தெரியும்போது, 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை 28 நாள் டோப்ராமைசின் வைத்து அதை அடியோடு ஒழிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதை விட்டால் கிருமி சளிக்குள் தனக்கென ஓர் உறையைக் கட்டிக்கொண்டு நிலைத்துவிடுகிறது. பிறகு அதை அடக்கி வைக்கலாமே தவிர, விரட்டுவது மிகக் கடினம். இந்த 28 நாளும் மருந்து உள்ளே போக வேண்டும். முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, பிறகு சலைன், பிறகு பிசியோதெரபி செய்து சளியை வெளியேற்றுவது, அதன் பின்னரே டோப்ராமைசின் என்ற வரிசையைத்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்கு மௌத்பீஸைப் பிடிக்கும் வயது வந்திருந்தால் மாஸ்க் வேண்டாம், மூக்கே பாதியை வடிகட்டிவிடும். அழும் குழந்தைக்கு வைத்தால் மருந்து உள்ளே போவதே அரிது. மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 25 டிகிரிக்குள் என்றால் 28 நாள் வரை வெளியே வைக்கலாம் என்கிறார்கள், மதுரை வெயிலுக்கு அந்தச் சலுகை உதவாது.

இவ்வளவு உழைத்த மெஷினைப் பாராட்டிய பிறகும், என் மெஷினை வாங்குங்கள் என்று இன்று யாருக்கும் சொல்ல மாட்டேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துக்கு எந்தக் கிண்ணம் என்று அவரிடமே கேட்டு, அந்தக் கிண்ணம் இரண்டைக் கையில் வாங்கிய பிறகு, அதற்குப் பொருந்தும் கம்ப்ரசர் எதுவானாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.