இடது ஸ்டிக் பழுதான பிறகு கிடைத்த கேம்கள்

என் கையடக்கக் கேம் கருவியின் இடது ஸ்டிக்கை, அதாவது கட்டைவிரலால் சாய்த்துப் பாத்திரத்தை நடத்துகிற குச்சியை, ஒருவழியாக மாற்றியாயிற்று. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. ஏழு அங்குலத் திரை, உள்ளே விண்டோஸ், இரண்டு பக்கமும் ஸ்டிக், இடது ஸ்டிக்குக்குக் கீழே டி-பேட் என்கிற நான்கு திசைப் பட்டன் என்று வருகிற வகையில் ஒன்று. ராம் எவ்வளவு, பிராசஸர் எது என்பதெல்லாம் வாங்க நினைப்பவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. என் பேச்செல்லாம் அந்த இடது ஸ்டிக்கைப் பற்றித்தான்.

வாரண்டி முடிந்த கையோடு அது தானாக நகர ஆரம்பித்தது. விரலை எடுத்த பிறகும், இடப்பக்கம் கொஞ்சம் மேல்நோக்கி நான் தள்ளிக்கொண்டிருப்பதாகவே கருவிக்குக் கணக்கு. ஹவுஸ் ஹவுஸ் என்கிற மெல்போர்ன்காரர்கள் 2019இல் வெளியிட்ட 'அன்டைட்டில்ட் கூஸ் கேம்' நமக்கு ஒரு வாத்தைக் கொடுத்து, ஊரில் உள்ளவர்களை வம்பிழுக்க விடும். தோட்டக்காரர் சாவியைத் திருட வேண்டுமென்றால் புதருக்குள் அசையாமல் நிற்க வேண்டும். என் வாத்து நிற்காது. சாவியை விட்டுவிட்டு மெல்ல நடந்து அவர் காலடிக்கே போய்விடும். ஆடம் ராபின்சன்-யூ செய்த 'எ ஷார்ட் ஹைக்' இன்னும் மோசம். கிளேர் என்ற குட்டிப் பறவை செல்போன் சிக்னல் தேடி மலை உச்சிக்குப் போகிற கதை. பாறை விளிம்பில் நின்று, ஏறத் தெம்பு தருகிற தங்க இறகை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவள் சரிந்து விழுந்துவிடுவாள். ஏறினதெல்லாம் வீண். அந்த நேரத்தில் வருகிற ஆத்திரம் இருக்கிறதே, கருவியைத் தூக்கி எறியாமல் வைத்ததே பெரிது.

காரணம் எளிதுதான். இந்த மாதிரி ஸ்டிக்குகளுக்குள் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். கார்பன் பூசிய ஒரு தடம், அதன்மேல் உரசிக்கொண்டே போகிற சின்ன உலோக நாக்கு. நாக்கு எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ற மின்தடையை வைத்து ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கருவி தெரிந்துகொள்கிறது. உரச உரசத் தடம் தேயும். தேய்ந்த பிறகு நடுவில் நின்றாலும் ஓரத்தில் நிற்பதாகக் காட்டும். இதோடு நம்ம ஊர் ஆனி ஆடிக் காற்று சேர்ந்துகொள்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று தென்காசிக்குக் குளிர்ச்சியும் சாரலுமாக இருக்கும். திருநெல்வேலிக்கு வந்து சேரும்போது வெறும் புழுதி. ஜன்னலை மூடினாலும் மேஜையில் விரல் வைத்தால் தடம் பதியும். ஸ்டிக்கைச் சுற்றியுள்ள இடுக்கு அந்தப் புழுதிக்குத் திறந்த கதவு.

கம்பெனிக்கு எழுதினேன். கருவியை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும், ஸ்டிக்கை மட்டும் மாற்ற மாட்டோம், அந்தப் பக்கத்துப் பலகையையே மாற்றுவோம் என்று பதில் வந்தது. சொன்ன தொகைக்கு ஒரு நல்ல மிக்ஸி வாங்கலாம். சரி, டெட்ஸோனைக் கூட்டிப் பார்ப்போம் என்று கூட்டினேன். நடுவில் இத்தனை தூரம் அசைந்தாலும் கண்டுகொள்ளாதே என்று கருவிக்குச் சொல்வதுதான் அது. நகர்வது நின்றது. ஆனால் மெதுவாக நடப்பதும் சேர்ந்து போய்விட்டது. ஒன்று ஓட்டம், இல்லாவிட்டால் நிறுத்தம். கொஞ்ச வாரத்தில் தேய்மானம் அதையும் தாண்டி வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் டி-பேட் மட்டும் போதும் என்கிற கேம்களைத் தேட ஆரம்பித்தேன். இதுவரை என் வாழ்க்கையில் ஆடியவற்றில் மிக நல்ல கேம்கள் எல்லாம் அந்தத் தேடலில் வந்தவை. இதை மனசாரச் சொல்கிறேன். ஸ்டிக் நன்றாக இருந்திருந்தால் கடையின் முதல் பக்கம் காட்டுகிற பெரிய கேம்களிலேயே காலம் போயிருக்கும்.

முதலில் கிடைத்தது 'பாபா இஸ் யூ'. பின்லாந்துக்காரர் அர்வி தெய்கரி 2017இல் ஒரு கேம் ஜாமில், அதாவது குறுகிய நேரத்தில் கேம் செய்து முடிக்கிற நிகழ்வில், தொடங்கி, 2019இல் முழுதாக வெளியிட்டார். கேமின் விதிகள் திரையிலேயே சொற்கட்டைகளாகக் கிடக்கும். வால், இஸ், ஸ்டாப் (சுவர் தடுக்கும்) என்று மூன்று கட்டை வரிசையாக இருந்தால் சுவர் தடுக்கும். நடுக்கட்டையைத் தள்ளிவிட்டால் சுவருக்குள் நடந்து போய்விடலாம். கொடியைத் தொட்டால் வெற்றி என்கிற விதியைப் பிரித்து, பாறையைத் தொட்டால் வெற்றி என்று ஆக்கலாம். கட்டைகள் மூலையில் ஒட்டிக்கிடந்தால் அந்த விதியை உடைக்க முடியாது. அதைக் கவனிப்பதே பாதிப் புதிர். நான்கு திசை, போன அடியைத் திரும்பப் பெற ஒரு பட்டன், அவ்வளவுதான். செங்கோட்டை பாசஞ்சரில் பேட்டை தாண்டி ஒரு புதிரைத் திறந்து, கல்லிடைக்குறிச்சி வரைக்கும் ஒரு அடிகூட நகர்த்தாமல் திரையையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் "தம்பி, அது நின்னு போச்சா?" என்று கேட்டார். இல்லை ஐயா, யோசிக்கேன் என்றேன். அப்புறம் அவரும் சேர்ந்து யோசித்தார்.

'மினிட்' 2018இல் வந்தது. கறுப்பு வெள்ளை. ஒவ்வொரு பிறவிக்கும் 60 நொடிதான் ஆயுள். அதற்குள் எங்கே போக முடியுமோ போ, எடுத்த பொருள் அடுத்த பிறவிக்கும் உன்னோடு வரும். கலங்கரை விளக்கம் பக்கத்தில் ஒரு முதியவர் நிற்பார். அவர் ஒரு சேதி சொல்வார், ஆனால் எழுத்து எழுத்தாக அவ்வளவு மெதுவாகச் சொல்வார். நம் ஆயுள் முழுக்க அவர் முன்னால் நின்று தீர வேண்டும். வேறு எந்த கேமிலும் ஒருவர் பேச்சை இத்தனை மரியாதையாக நான் கேட்டதில்லை. ஜப்பானியர் ஒஜிரோ ஃபுமோட்டோவின் 'டவுன்வெல்' 2015இல் வந்தது. கிணற்றுக்குள் விழுந்துகொண்டே காலணியால் சுட வேண்டும். இடம், வலம், ஒரு பட்டன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் கண்ணுக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து வைத்தது பிகோ-8. இது கேம் இல்லை, இல்லாத ஒரு பழைய கேம் கருவியைக் கணினிக்குள் கற்பனையாகச் செய்து வைத்தது. ஜோசப் வைட் என்பவர் செய்தது. திரை 128க்கு 128 புள்ளி, 16 நிறம், ஒரு கேமுக்கு 32 கிலோபைட்தான் இடம், நான்கு திசை, இரண்டு பட்டன். விலை 15 டாலருக்குச் சில்லறை குறைவு. (கார்டு வேலை செய்யவில்லை என்றால் பதற வேண்டாம். 2020 மார்ச்சுக்குப் பிறகு, ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் இணைய, வெளிநாட்டுப் பரிவர்த்தனைகள் மூடித்தான் வரும். வங்கி ஆப்பில் நாம்தான் திறக்க வேண்டும்.) பிகோ-8க்குள் ஸ்ப்ளோர் என்று ஒரு பகுதி இருக்கிறது. உலகம் முழுக்க யார் யாரோ செய்து போட்ட கார்ட்ரிட்ஜ்கள், அதாவது குட்டி கேம்கள், அதில் படமாக வரிசையாக வரும். டி-பேடால் நகர்த்திக்கொண்டே போய், ஒன்றை அழுத்தினால் இரண்டு மூச்சில் இறங்கி ஆட ஆரம்பித்துவிடும். பிடிக்கவில்லையா, அடுத்தது. எங்கள் தெருவில் டேட்டா சிக்னல் ஒற்றைக் கோடாக நிற்கிற ராத்திரியிலும் 32 கிலோபைட் இறங்காமல் போனதில்லை.

அங்கே கிடைத்தவற்றில் மூன்றைச் சொல்கிறேன். 'காம்போ பூல்' என்பதில் நிறப் பந்துகளைச் சுண்டிவிட வேண்டும். ஒரே நிறம் இரண்டு மோதினால் ஒன்றாகி அடுத்த நிறமாகும். 'டாங்க் டூம்ப்' இருட்டுச் சுரங்கம். 16 நிறத்துக்குள் பந்தத்தின் வெளிச்சம் சுவரில் படிப்படியாக மங்குவதைப் பார்க்கும்போது, செய்தவர் கையைப் பிடித்து வாழ்த்தத் தோன்றும். மூன்றாவது 'செலஸ்ட்'. 2018இல் பெரிய கேமாக வந்து பெயர் வாங்கியதே, அதன் முதல் வடிவம் 2015இல் மேடி தோர்சனும் நோயல் பெரியும் நான்கு நாளில் பிகோ-8க்குச் செய்தது. மொத்தம் 30 திரை. ஒரு பட்டன் குதிக்க, ஒன்று பாய. எஸ்கேப்பை அழுத்தினால் கேமின் நிரல் அப்படியே திறக்கும். குதிக்கிற இடத்தைத் தேடிப் பார்த்தேன், செங்குத்து வேகம் -2 என்று இருந்தது. -3 ஆக்கி ஓட்டினேன். மலையேறுகிற நாயகி முதல் திரையிலேயே ஒரே எட்டில் மேலே போய்விட்டாள். திரும்ப -2க்கு மாற்றி ஆடியபோதுதான் ஒவ்வொரு மேடும் எதற்காக அந்த உயரத்தில் இருக்கிறது என்று புரிந்தது. பெரிய கம்பெனி கேம் எதுவும் தன் வயிற்றைத் திறந்து இப்படிக் காட்டாது.

தேடும் வழி பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளின் பரிந்துரையை நம்பினால் நேற்று ஆடியதைப் போலவே நாளைக்கும் ஒன்று கிடைக்கும். எனக்குப் பலித்தது ஆளைப் பிடித்துப் போவது. ஒரு கேம் பிடித்தால் அதைச் செய்தவர் வேறென்ன செய்தார், எந்த ஜாமில் கலந்துகொண்டார், அந்த ஜாமில் பக்கத்தில் கிடந்தது என்ன என்று பார்ப்பது. அதற்கு இட்ச்.ஐஓ தளம் தோதானது. 2013இல் லீஃப் கோர்கரன் ஆரம்பித்த அந்தத் தளத்தில், தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைக்கூட கேம் செய்தவரே தீர்மானிக்கலாம். பல கேம்களுக்கு விருப்பப்பட்ட விலை கொடுத்தால் போதும். பாதி அரைகுறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அரைகுறைக்குள் ஒரு மனுஷனின் கை தெரியும்.

இனி ரிப்பேர். இந்த மாடலுக்குப் பொருந்துகிற காந்த ஸ்டிக் கடைசியில் தனியாக விற்பனைக்கு வந்தது. ஹால் எஃபெக்ட் என்பார்கள். உள்ளே காந்தம் நகரும், உணரி அதைத் தொடாமல் அளக்கும்; அளக்கிற இடத்தில் உரசல் இல்லாததால் அங்கே தேய்மானமும் இல்லை. வண்ணார்பேட்டையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பின்மூடியைக் கழற்றியதும் அவர் சொன்னது: "பாத்தீங்களா அண்ணாச்சி, மாவு மாதிரி இருக்கு." ஸ்டிக்கின் தண்டு உரசுகிற வளையத்தைச் சுற்றி பிளாஸ்டிக் தேய்ந்த வெள்ளைத் தூள், அதோடு நம்ம ஊர்ச் செம்மண் புழுதி. பிரஷால் தட்டி, ரிப்பன் கேபிளின் பிடியை நகத்தால் தூக்கி, பழையதை எடுத்துப் புதியதைச் சொருகினார். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்தோம். கட்டத்துக்குள் இருக்கிற கூட்டல் குறி இத்தனை நாளும் மூலையைப் பார்த்து நடுங்கிக்கொண்டே இருக்கும். இப்போது நட்ட நடுவில் நின்றது. ஒரு டீக்குள் முடிகிற வேலைக்குப் பலகையையே மாற்றச் சொன்னார்களே என்று எனக்கு அங்கேயே கோபம் வந்தது. இன்னும் தணியவில்லை.

அன்றைக்கு ராத்திரி 'வெண்பா'வை ஆரம்பித்தேன். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது, 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தருகிற அறிமுக கேம் விருது வாங்கியது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் நோட்டு, அதில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். முன்பு இதை ஆட முயன்றபோது ஸ்டிக் இழுத்த இழுப்பில் கை போன இடம் பாத்திரம் போகவில்லை, ஒதுக்கி வைத்திருந்தேன். இப்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "ஆவி மேல ஏறணும்லா, அந்தத் தட்ட மொதல்ல வையி" என்று சொல்லச் சொல்ல வைத்தேன். சரியாக வெந்தது. மகன் கவின் வீட்டில் தமிழ் பேசத் தயங்குகிற இடம் வந்ததும் அக்கா எதுவும் சொல்லவில்லை. அவள் பெரிய மகன் வெளிநாட்டில் இருக்கிறான்.

அம்பாசமுத்திரத்தில் இருக்கிற சின்ன மருமகன்தான் இதையெல்லாம் எழுத வைத்தவன். "மாமா, ஒங்க பொட்டி விலை எறங்கிட்டாம்லா, வாங்கட்டா?" என்று போன் செய்தான். திரை அருமை. சத்தம் அருமை. சின்ன கேம்கள் ஆடினால் சார்ஜ் போகவர ரயிலுக்குத் தாங்கும். இன்றைய தேதியில் என் கையில் இருப்பதைவிட நல்ல கருவி எனக்கு வேண்டியதில்லை. அவனுக்கு நான் சொன்ன பதில்: "ஏல, வேண்டாம்." விலை குறைத்து விற்கிற புதுச் சரக்கிலும் அதே தேய்கிற ஸ்டிக்தான் இருக்கிறது. உன் லேப்டாப்பே பிகோ-8க்குப் போதும், டி-பேட் நன்றாக உள்ள ஒரு கன்ட்ரோலர் வாங்கிக்கொள், மீதிப் பணத்தில் 'பாபா'வும் 'வெண்பா'வும் வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கம்பெனி காந்த ஸ்டிக் போட்டு விற்கட்டும், முதல் பெட்டியை நானே வாங்கித் தருகிறேன். அதுவரைக்கும் இன்னும் பாதி விலை இறங்கினாலும் என் பதில் இதுதான்.