காய்ச்சலுக்குப் போய் 3,800 ரூபாய்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம்.

அம்மாவுக்கு 68 வயசு, சர்க்கரை உண்டு. ஐப்பசி மழையில் மூன்று நாளாக விடாத காய்ச்சல், மேல்வலி. டாக்டர் அம்மாவைப் பார்த்தது இரண்டு நிமிஷம்கூட இருக்காது. மாடிப்படி பக்கத்திலேயே லேப். அந்த லேப் பேர் அச்சடித்த சீட்டில் டிக் டிக் என்று போட்டுக்கொண்டே போனார். தைராய்டு, கொழுப்பு, வைட்டமின் டி, மூன்று மாதச் சர்க்கரை.

அந்தச் சர்க்கரை டெஸ்டை 12 நாளைக்கு முன்னால்தான் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் எடுத்திருந்தோம். பேப்பரை நீட்டினேன். "அது வெளி லேப், இங்க செல்லாது" என்றார். மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற டெஸ்ட் அது. 12 நாளில் என்ன புரண்டுவிடும்?

ஊசி போட்ட பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். "கையை லேசா மடக்கிக்கிடுங்கம்மா" என்று சொல்லி ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிட்டாள்.

பில் 4,050. மொத்தத் தொகை மட்டும் எழுதின ஒரு துண்டுச் சீட்டு. பிரித்துப் போட்டுத் தாங்க என்று கேட்டதற்குக் கவுண்டரில் முகம் சுளித்தார்கள். பிரித்து வந்ததில் ஈசிஜி 250 என்று ஒரு வரி. அம்மா நெஞ்சில் யாரும் வயர் ஒட்டவே இல்லை. சொன்னதும், "தப்பா ஏறிப்போச்சு அண்ணே" என்று பேனாவால் அடித்துவிட்டார்கள். கேட்காதவர்களுக்கு ஏறினது ஏறினதுதான் போல. வைட்டமின் டி மட்டும் 1,400. ஃபைலுக்கு 100.

இத்தனையிலும் டெங்கு டெஸ்ட் இல்லை! காய்ச்சல் வந்த முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 என்கிற டெங்கு ரத்த டெஸ்ட் பார்த்தால்தான் பிரயோஜனம். மறுநாள் தக்கலை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம், காசு வாங்காமல் எடுத்தார்கள். டெங்கு இல்லை. பாராசிட்டமால் கொடுத்து, கஞ்சித்தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

டெஸ்டுக்கு அனுப்புவதற்கு டாக்டர் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. லேப் பேர் அச்சடித்த அந்தச் சீட்டைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு ஸ்டார். அது ஊசி போட்ட பிள்ளைக்கு. அப்புறம் அந்த 100 ரூபாய் ஃபைல் நல்ல கெட்டி. அம்மா அதில் ரேஷன் கார்டும் வீட்டுத் தீர்வை ரசீதும் போட்டு வைத்திருக்கிறாள்.