வண்டா, கண்ணா? எகிப்தியத் தாயத்துகள் இரண்டு

பண்டைய எகிப்தின் நகைகளில் சாணவண்டும் ஹோரஸ் என்ற தெய்வத்தின் கண்ணும் அடிக்கடி தென்படும். இரண்டும் காவல் சின்னங்கள்தாம். காக்கும் விதம் வேறு.

சாண உருண்டையை உருட்டிச் செல்லும் வண்டில், சூரியனை வானில் நகர்த்தும் கெப்ரி தெய்வத்தைக் கண்டார்கள். அதனால் அது மறுபிறப்பின் சின்னம். மம்மியின் மார்பில் வைத்த 'இதய வண்டின்' அடிப்பகுதியில், மறுமைத் தீர்ப்பின்போது இதயமே இறந்தவருக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது என்ற மந்திரத்தைப் பொறித்தார்கள். சொந்த நெஞ்சையே நம்பாத முன்யோசனை!

கண்ணின் கதை சுருக்கமானது. ஹோரஸின் எதிரியான சேத் என்ற தெய்வம் அதைச் சிதைத்தான், அறிவின் தெய்வமான தோத் சீராக்கினார். ஆகவே அது நலத்துக்கும் முழுமைக்கும் சின்னம். அன்றாடம் அணிவதற்கு எனக்கு இதுவே பிடிக்கும்.

1922இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய மன்னன் துட்டன்காமன் கல்லறையின் மார்பணி ஒன்றில் இரண்டுமே உண்டு: மேலே கண், நடுவே, லிபியப் பாலைவனத்தின் இயற்கை மஞ்சள் கண்ணாடியில் செதுக்கிய வண்டு.