பிரேக் பிடி முறிந்தால் எதை மாற்றுவது?

சைக்கிள் சரிந்தால் பெரும்பாலும் முதலில் நிலத்தில் குத்துவது பிரேக் பிடிதான். ஒயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக்கில் அது பெரும்பாலும் அலுமினியம். வளைந்ததை நிமிர்த்தப் போனால் உள்ளே கீறல் விழும். இன்றைக்குத் தாங்கினாலும் ஒரு அவசர பிரேக்கில் கையோடு வந்துவிடும். ஆகவே நன்றாக வளைந்ததையும் முறிந்ததாகவே எடுங்கள். நுனி மட்டும் போயிருந்தால் அது வேறு. இந்த பிரேக்குக்கு ஒரு விரல் போதும். விரல் வழுக்காமல் பதிய இடம் மிச்சமிருந்தால், முறிந்த கூர்முனையை அரத்தால் மழுக்கிவிட்டு, புதியது வரும்வரை ஓடலாம்.

மாற்றுவதென்றால் முதலில் தேடவேண்டியது பிடியை மட்டும்தான். ஒயில் இருக்கும் பகுதியைத் திறக்கவே வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய இலாபம். ஸ்ராம், மகுரா, ஹோப் கம்பனிகளின் பல மாடல்களுக்குப் பிடி தனியாகக் கிடைக்கிறது. ஆனால் மாடல் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதை நம்பி ஓடர் பண்ணாதீர்கள்.

வேலை சின்னதுதான், ஆனால் எங்கள் கிழக்குக் கரையில் அதற்கு ஒரு எதிரி உண்டு. பிடியைப் பிடித்திருப்பது ஆணி போன்ற ஒரு பின். சிலதில் அதைச் சின்ன ஸ்குரூ பூட்டியிருக்கும், சிலதில் கிளிப், சிலதில் தட்டித்தான் எடுக்கவேண்டும். உருக்குப் பின்னும் அலுமினிய உடலும் உப்புக் காற்றில் ஒன்றோடொன்று அரித்து ஒட்டிக்கொள்ளும். கல்லடி, பாசிக்குடா, கல்முனைப் பக்கம் கடலோரம் வைத்திருக்கும் சைக்கிள் என்றால் பின் இலேசில் அசையாது. துருநீக்கி ஒயிலில் நனைத்த துணியை அதன்மேல் வைத்து, ஒரு இரவு விட்டுப் பிறகு தட்டுங்கள். ஸ்பிரே அடித்தால் அது டிஸ்க்கிலும் அதைக் கவ்வும் பிரேக் பாட்களிலும் படும். ஒயில் குடித்த பாட்களைப் பெரும்பாலும் எறியத்தான் வேண்டும். பிடி கழன்றதும் ஒயிலை அழுத்தும் பிஸ்டனைத் தள்ளும் கம்பியை இழுத்துவிடாதீர்கள். பிஸ்டனும் கூடவே வந்தால் ஒயில் வெளியே, மிச்சப்படுத்திய வேலையெல்லாம் வீண்.

இரண்டாவது வழி, பிடியும் ஒயில் தொட்டியும் சேர்ந்த லீவரை முழுதாக மாற்றுவது. மலிவான மாடல்களில் பிடியைத் தனியே தேடுவதைவிட முழு லீவர் சுலபமாகக் கிடைக்கும். அதனால் பலர் இதில்தான் போய் விழுகிறார்கள். எனக்கென்றால் இதுதான் கடைசித் தெரிவு. ஒயில் போகும் ஹோஸைக் கழற்றினால் அதன் முனையில் நசுங்கியிருக்கும் பித்தளை வளையத்தையும் உள்குழாயையும் புதிதாகப் போடவேண்டும். அதன் பிறகு ஒயிலுக்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு சிரிஞ்சும் புனலும் கொண்ட கிட் வேண்டும், சரியான ஒயிலும் வேண்டும்.

வில்லங்கம் அந்த ஒயிலில்தான். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுராவுக்கு மினரல் ஒயில். ஸ்ராமின் பழைய மாடல்கள் பலவற்றுக்கு டொட் 5.1 எனும் வேறு வகைத் திரவம், இல்லையென்றால் டொட் 4. புதியவற்றில் சில மினரல் ஒயிலுக்கு மாறிவிட்டன. மோட்டார் சைக்கிள் கடையில் கேட்டால் வருவது டொட் 4. “பிரேக் ஒயில்தானே அண்ணே” என்று அதை ஷிமானோவில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்; பிறகு லீவர் மட்டுமல்ல, சில்லருகே டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பரும் போச்சு. தொட்டி மூடியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுத்தான் போத்தலைத் திறக்கவேண்டும்.

அதனால் பிடி தனியே கிடைக்காத மலிவான பிரேக்குக்கு, ஒயில் நிரப்பி வரும் முழு செட்டே மேல். லீவர், ஹோஸ், கலிப்பர் எல்லாம் பூட்டியபடி வரும். பழையதைக் கழற்று, புதியதைப் பூட்டு, கலிப்பரை டிஸ்க்குக்கு நேராக்கு. பழைய டிஸ்க்கே பெரும்பாலும் போதும். ஓடர் பண்ணும்போது முன் பிரேக் எந்தக் கைக்கு என்று பாருங்கள். இடது கைக்கு முன் பிரேக் வரும் செட்டும் உண்டு, வலது கைக்கு வரும் செட்டும் உண்டு. மாறி வந்தால் ஹோஸைக் கழற்றி மாற்றவேண்டும், தப்பி வந்த வேலை திரும்ப வாசலில் நிற்கும். பிரேமுக்கு உள்ளால் ஹோஸ் ஓடும் சைக்கிளுக்கு இந்த வசதியும் இல்லை, ஒரு முனையைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

ஒயிலுக்குப் பதில் கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக்குக்குத் திரும்புவது தோல்வி இல்லை. எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் பாலம்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கிரவல் வீதியில் ஓடுபவருக்கு, பெட்டிக்கடையை ஒட்டிய சைக்கிள் கடையிலேயே கேபிள் கிடைப்பது பெரிய விஷயம். கலிப்பரோடு லீவரையும் மாற்றவேண்டும், மவுண்டன் சைக்கிள் கலிப்பர் என்றால் வீ பிரேக்குக்குரிய, கேபிளைக் கூடத் தூரம் இழுக்கும் லீவராகப் பாருங்கள். மாரி மழையில் கேபிள் உறைக்குள் தண்ணீரும் மணலும் போகும், கை கொஞ்சம் கூட அழுத்தவேண்டும். அந்த இரண்டையும் பொறுப்பவருக்கு இது போதும்.

எதைப் பூட்டினாலும் ஹாண்டிலில் கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்காதீர்கள். பிரேக் பிடிக்கையில் அசையாமலும், பலமாக அடிபட்டால் சுழன்று கொடுக்கும்படியும் இருந்தால் சரி.