ஸைபெக்ஸ் கான்சென்ட்ரேட்: பாதி மண்ணுக்குள் இருக்கும் கீழ்த்தளத்துக்கு ஒத்துவருமா?

கொடைக்கானல், குன்னூர் போன்ற ஊர்களில் சரிவில் கட்டிய வீடுகளில் கீழ்த்தளத்தின் ஒரு சுவராவது மண்ணை முட்டிக்கொண்டு நிற்கும். அதை அறையாக்க நினைத்துக் கடைக்குப் போனால், வாட்டர்ப்ரூஃப் பெயின்டைத்தான் எடுத்துத் தருவார்கள். உள்பக்கம் அடித்த பெயின்டைச் சுவருக்குப் பின்னாலிருந்து வரும் தண்ணீர் கொப்புளமாகத் தள்ளிவிடும்.

கனடாத் தயாரிப்பான ஸைபெக்ஸ் அந்த ரகமல்ல. இந்தச் சாம்பல் நிறத் தூள் கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடும் ஈரத்தோடும் வினைபுரிந்து, நுண்துளைகளுக்குள்ளேயே படிகமாக வளரும். அதனால் வெளியே மண்ணைத் தோண்ட வழியில்லாதபோது உள்ளிருந்தே அடிக்கலாம்.

செங்கல் சுவரா, கல் சுவரா? வாங்க வேண்டாம். ஆர்.சி.சி. சுவருக்குத்தான் இது. அசையாத விரிசலென்றால் 0.4 மி.மீ. வரை தானே அடைத்துக்கொள்ளும். அசையும் இணைப்புக்கு உதவாது.

பழைய பெயின்ட், சிமென்ட் பூச்சு, பூத்த உப்பு எல்லாவற்றையும் கான்கிரீட் தெரியும்வரை எடுத்துவிட வேண்டும். பெரிய விரிசலையும், அதிகம் கசியும் இடமான தரை–சுவர் மூலையையும் 25 மி.மீ. அகலம், 37 மி.மீ. ஆழத்துக்கு நேர்ப்பக்கங்களோடு வெட்டுங்கள். வாய் அகன்று அடி குறுகினால் அடைப்பு பிதுங்கிவிடும். அதனுள் முதலில் கீழே சொல்லும் பூச்சுக் கலவையைத் தடவி, 6 பங்கு தூளுக்கு 1 பங்கு தண்ணீர் சேர்த்த கெட்டிக் கலவையை இடித்து நிரப்ப வேண்டும். தண்ணீர் பீறிடும் ஓட்டையை முதலில் உடனே இறுகும் பிளக் சிமென்ட்டால் நிறுத்துங்கள்.

பூச்சுக்கு அளவு, கொள்ளளவில் 5 பங்கு தூள், 2 பங்கு தண்ணீர். 20 நிமிடத்தில் தீருமளவு மட்டும் கலக்கவும். சதுர மீட்டருக்கு 0.8 கிலோ, அதாவது 100 சதுர அடிக்கு ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 7.5 கிலோ. முதல் கோட் இறுகியதும், முழுதாகக் காயுமுன், 48 மணி நேரத்துக்குள் இரண்டாவது கோட்.

வேலை கெடுவது பெரும்பாலும் ஈர விஷயத்தில்தான். பெயின்டர் பழக்கத்தில் காய்ந்த சுவரில் அடித்துவிடுகிறார்கள். ஈரமில்லாமல் படிகம் வளராது. சுவர் நன்றாகத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும், மேலே மட்டும் தேங்கக் கூடாது. பூச்சு இறுகிய பிறகு 2–3 நாள், தினம் மூன்று முறை தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கணும். வெயில் ஊரில் இன்னும் கூடுதலாக. மேலே பெயின்ட் அடிக்கக் குறைந்தது 3 வாரம் பொறுங்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை: சுவரில் 2 அடிச் சதுர பாலிதீனை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் நனைந்தால் கசிவு. அறைப்பக்கம் மட்டும் வியர்த்தால் அது காற்றின் ஈரம்; அதற்கு இந்தத் தூள் வீண்செலவு, எக்ஸாஸ்ட் ஃபேன் போதும்.