மஞ்சள் வெயிலா, திண்ணை நிழலா?

ஊரில் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபோது பகல் மணி 12. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதியுடன் நின்ற பெரியப்பாவைப் பார்த்ததும், புதிதாக வாங்கியிருந்த கேமராவுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார் என்று தோன்றியது. தேர்முட்டி அருகே நிற்கவைத்தேன். "டேய், கண்ணு கூசுது, சீக்கிரம் எடு" என்றார். இருபது படம் எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் சட்டையில் ஒரு மடிப்புகூடத் தெரியவில்லை, வெறும் வெள்ளைக் காகிதம். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழி. மூக்குக்குக் கீழே, அவருக்கு இல்லாத ஒரு மீசை.

அன்றைக்குக் கேமராவைத்தான் திட்டினேன். அதன் மேல் தப்பில்லை என்று புரிய ஒரு வருடம் ஆனது. ஃபிளாஷ் இல்லாமல், வெளியில், இருக்கிற வெளிச்சத்தை மட்டும் வைத்துப் படம் எடுக்க ஆரம்பிப்பவருக்கு மஞ்சள் வெயில், உச்சி வெயில், மந்தாரம், நிழல் என்று நாலு வழி உண்டு. எல்லோரும் முதலில் ஓடுவது மஞ்சள் வெயிலுக்கு. நான் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன்.

மஞ்சள் வெயில் அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. முகத்தில் பக்கவாட்டில் விழுவதால் கண்ணில் குழி விழாது. சிக்கல் நேரத்தில்தான். 'கோல்டன் ஹவர்' என்று பெயரைக் கேட்டு ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். லண்டனில் ஜூன் மாதச் சூரியன் சாய்வாக, மெதுவாகத்தான் எழும். அதே நாளில் சென்னையில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மேலேறும். மஞ்சள் நிற்பது சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 6 டிகிரி உயரும் வரைதான்; அதற்கு நமக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் ஆளை நிற்கவைத்து, ஷட்டர் ஸ்பீடைத் தேடி, லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்ததைக் கண்டுபிடித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும்.

இதில் காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. காலையில் நீங்கள் தடுமாறும் ஒவ்வொரு நிமிடமும் வெளிச்சம் கடுமையாகிக்கொண்டே போகும். மாலையில் தடுமாறினால் அது மென்மையாகிக்கொண்டே வரும். 5 மணிக்குக் கடுப்படித்த வெயில் அரை மணி நேரம் பொறுத்தால் தானாகவே சரியாகிவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு மாலைதான் பொறுமையான வாத்தியார். காலைக்கு வேறு சாதகங்கள் உண்டு: தூசி குறைவு, கூட்டம் குறைவு, மார்கழி, தை மாதம் என்றால் பனிமூட்டம் வெயிலை வடிகட்டித் தரும். ஆனால் சென்னையில் சூரிய உதயம் ஜூன் தொடக்கத்தில் 5.40ஐ ஒட்டி வரும், ஜனவரிக் கடைசியில் 6.35ஐ ஒட்டி வரும். எழுந்திருக்கிற கதையைப் பிறகு பேசலாம்.

இன்னொன்று, எந்தக் கடற்கரை என்பது. ஆரம்பத்தில் ஒரு தடவை அஸ்தமனம் எடுக்கிறேன் என்று கோவளத்துக்குக் கிளம்பிப் போனேன். சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம். சூரியன் என் முதுகுக்குப் பின்னால், தென்னை மரங்களுக்குள் மறைந்துகொண்டிருந்தது. கிழக்குக் கரையில் வேறு எங்கே மறையும்? ஆனால் அன்று தற்செயலாக ஒன்று கிடைத்தது. கடலைப் பார்த்து நான் நிற்க, என்னைப் பார்த்து வலை உதறிக்கொண்டிருந்தவர் முகத்தில் முழு மஞ்சள் வெயில், பின்னால் இருளத் தொடங்கும் நீலக் கடல். அதே இடத்தில் காலையில் எடுத்தால் சூரியன் அவருக்குப் பின்னால் இருக்கும். முகம் கருத்து, உருவம் மட்டும் கரிய நிழலுருவமாக நிற்கும். கட்டுமரம், படகு, அலையில் ஓடும் பிள்ளைகள் என்றால் காலை. முகம் வேண்டும் என்றால் மாலை. மேற்கே கோழிக்கோட்டுக் கடற்கரைக்குப் போனால் இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

உச்சி வெயிலை 'எடுக்கவே கூடாது' பட்டியலில் சேர்ப்பது வழக்கம். முகங்களுக்கு அது நியாயம்தான். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும், மறுபடி ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வந்துவிடுகிறது. கொடிக்கம்பத்துக்கே நிழல் இருக்காது. ஆனால் டிசம்பர் நண்பகலில் அது 54 டிகிரி உயரத்துக்குள் நின்றுவிடும். நம் ஊரில் மார்கழி மாத 12 மணி வெயிலும் சித்திரை மாத 12 மணி வெயிலும் ஒன்றல்ல. மார்கழியில் ஆளைக் கொஞ்சம் திருப்பி நிற்கவைத்தால் நண்பகலில்கூடச் சமாளிக்கலாம்.

கல்லுக்கு வந்தால் கணக்கே வேறு. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. விடிந்ததும் போனால் சூரியன் நேர் எதிரே இருந்து அடிக்கும். நிறம் அருமையாக இருக்கும், ஆனால் சிற்பமெல்லாம் சுவரில் ஒட்டிய படம்போலத் தட்டையாகத் தெரியும். பத்தரை, பதினொன்றுக்குப் பாருங்கள். வெயில் மேலிருந்து பாறையை உரசிக்கொண்டு இறங்கும். யானையின் காதுக்குக் கீழே ஒரு கோடு நிழல் விழும், தவம் செய்யும் பூனையின் தூக்கிய கைகள் பாறையிலிருந்து பிரிந்து முன்னால் வரும். நண்பகல் தாண்டினால் வெயில் பாறையை விட்டுப் போய்விடும். வாசல் கோலத்துக்கும் இதே விதிதான்: வெளிச்சம் தரையை உரசினால்தான் கோலமாவின் மேடு தெரியும். கோலத்துக்கு அந்த உரசல் அதிகாலையில் கிடைக்கிறது, பாறைக்கு ஏறுவெயிலில்.

மந்தாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வானம் முழுக்க ஒரே வெள்ளைத் துணி கட்டியதுபோல இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் தப்பாது. மழை பெய்து ஓய்ந்த இலை, பூ, ஈரமான ஓட்டுக்கூரை எல்லாம் வெயிலில் எடுப்பதைவிட நிறமாக வரும். வானத்தை மட்டும் படத்துக்குள் விடாதீர்கள்; வெளுத்துப்போய் மேல்பாதி வீணாகிவிடும். தப்பே செய்ய முடியாத வெளிச்சம் என்பதால் இதில் கற்றுக்கொள்வதற்கும் கம்மி. ஐப்பசி, கார்த்திகை தவிர மற்ற மாதங்களில் சென்னைக்காரர்களுக்கு இது எப்போதாவது கிடைக்கும் சலுகை, அவ்வளவுதான்.

கடைசியாக நிழல். என் ஓட்டு இதற்குத்தான்.

மர நிழலை நான் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் முகத்தில் வட்ட வட்டமாக வெயில் பொட்டு விழும், இலைப் பச்சை தோலில் ஏறி ஆளே காய்ச்சல்காரர் மாதிரி ஆகிவிடுவார். நான் சொல்வது மேலே கூரை இருந்து, ஒரு பக்கம் மட்டும் திறந்த நிழல்: திண்ணை, கோயில் மண்டபம், கடை வாசல் தாழ்வாரம். தலைக்கு மேலிருந்து வரும் வெளிச்சத்தைக் கூரை தடுத்துவிடும். தெருவும் எதிர்ச்சுவரும் வானமும் சேர்ந்து ஒரு பெரிய ஜன்னல்போல முன்பக்கத்திலிருந்து மட்டும் ஒளி தரும். எதிர்வீட்டுச் சுவர் வெள்ளையடித்ததாக இருந்தால் அதிர்ஷ்டம். காசு கொடுத்து வாங்கும் ரிப்ளெக்டர், அதாவது ஒளியை முகத்தில் திருப்பி அடிக்கும் தட்டி, அந்த வேலையைத்தான் செய்கிறது.

ஒரு தடவை செய்து பாருங்கள். யாரையாவது திண்ணை ஓரத்தில், வெயில் படாமல், தெருவைப் பார்த்து உட்காரவைத்து ஒரு படம். அப்புறம் இரண்டு அடி உள்ளே தள்ளி ஒன்று. பிறகு முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பச் சொல்லி இன்னொன்று. முதல் படத்தில் கருவிழியில் தெரு முழுக்க ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னும். இரண்டாவதில் அது சிறுத்துப்போகும். மூன்றாவதில் ஒரு கன்னம் இருண்டு, மூக்கின் வடிவம் எழுந்து வரும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை கிடைப்பதால் அவசரமும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. நிழலில் நீலம் ஏறும். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் ஏற ஏற நீலம். நேர் வெயில் சுமார் 5500 கெல்வின் என்றால் நிழல் 7000க்கு மேலே போகும், அதனால் கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 'ஷேடு'க்கு மாற்றுங்கள். வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நாலு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), அதாவது 16 மடங்கு, வித்தியாசம் இருக்கும். வெயில் தெருவைப் பின்னணியாக வைத்தால் அது கண்டிப்பாக வெளுக்கும். பின்னணியும் நிழலிலேயே, வீட்டுக்கதவோ தூணோ இருக்கட்டும். மாநிறத் தோலும் வெள்ளை வேட்டியும் ஒரே படத்தில் வரும்போது, போனாக இருந்தால் சட்டையின் மேல் அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, பூட்டி, தேவையானால் விரலை லேசாகக் கீழே இழுங்கள். முகம் கொஞ்சம் இருண்டால் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன துணியின் மடிப்பு எந்த ஆப்பிலும் திரும்பி வராது.

அடுத்த வருடத் தேரன்றும் அதே 12 மணி, அதே வெள்ளைச் சட்டை. இந்தத் தடவை பெரியப்பாவைத் தெற்குத் தெரு வீட்டுத் திண்ணையில் தூணில் சாய்ந்து உட்காரச் சொன்னேன். மூன்றே படம். போன் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "சட்டைப் பையில பீடிக்கட்டு தெரியுதே, பெரியம்மாவுக்கு அனுப்பிடாதே" என்றார்.